நான் ஓட்டிவிட்ட தறி

அன்று தறியை ஓட்டிவிட்டது நான்தான். தறிக்காரர் பழனியப்பன் இல்லை. இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே பன்னிரண்டு விசைத்தறி. கொரோனா சமயம் மருமகள் கவிதா எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பெல்லாம் போனில். அதிலேயே ஒருநாள் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், மார்க் உண்டு என்றாள். கூட்டத்தில் வாயே திறக்காத பெண். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினாள்.

"அத்தை, பதினொரு மணிக்குக் கொஞ்ச நேரம் தறிய நிறுத்தச் சொல்றீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, நீ பேசு" என்றேன். தறியை நிறுத்தி, பழனியப்பனை டீ குடிக்க அனுப்பினேன்.

அப்படியே உட்கார்ந்திருக்கலாம்... ஜன்னலோரம் ஏன் போய் நின்றேன்?

போனைத் தகரச் சம்படத்தில் சாய்த்துவைத்துப் பேசினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவே என் பெயர் வந்தது. பொன்னாத்தாள். மாமியார் பெயரை எங்கள் வீட்டில் எந்த மருமகளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போனுக்குள் சிரிப்பு. மறுபடி என் பெயர்... மறுபடி சிரிப்பு!

வீட்டுக்காரர் போனபின் தனியாளாகத் தறி ஓட்டிப் பிழைத்தவள் நான். என்னைச் சொல்லியா ஊரைச் சிரிக்க வைக்கிறாள்!

உள்ளே போய் நான்கு தறியை ஓட்டிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், அவள் உதடு அசைகிறது, தறி இரைச்சலில் குரல் கேட்கவில்லை. போனை வாயருகே வைத்துக் கத்திப் பார்த்தாள். பிறகு உதடும் நின்றுபோயிற்று.

பழனியப்பன் தெரியாமல் ஓட்டிவிட்டார் என்றேன். மகன் அவரை வைதான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தறியைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் கவிதா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தறிப் பக்கத்தில் நான்!

"உங்களப் பத்தித்தானுங்க அத்தை பேசுனேன். மட்ட நூல் கொண்டாந்தவன வண்டியோட திருப்பி உட்டீங்கள்ல, அதச் சொன்னதும் மேடமே சிரிச்சுப்போட்டாங்க. மிச்சத்தச் சொல்றதுக்குள்ள..."

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? "உடு அம்மணி, போச்சாது" என்றேன்.

மறுபடி பேச மேடம் கூப்பிட்டார். இனி என்னால் ஆகாது என்று போனை அணைத்துவைத்துவிட்டாள். பரீட்சைக்கும் போகவில்லை.

போன வாரம் வந்த விருந்தாளி, படிப்பை ஏன் பாதியில் விட்டாய் என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு இங்கிலீசு வர்லீங்க, உட்டுப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

தலை நிமிராமல் சாப்பிட்டேன்.