மூக்குப்பேணியும் மூக்குக்குழாயும்

தம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து நீர் அருந்துவதே நாகரிகம் என்று அறுபத்திரண்டு வயதுவரை நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் கலைந்தது, ஒக்லண்டில் நான் பணிபுரிந்த மருத்துவமனையின் பயிற்சி அறை ஒன்றில்.

புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்யும் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்ற பின்னர், அது மூடப்பட்டமையால், அம்மருத்துவமனையில் பராமரிப்பு உதவியாளனாகச் சேர்ந்தேன். நோயாளரைக் குளிப்பாட்டுதல், புரட்டிப் படுக்கவைத்தல், உணவு நேரத்தில் அருகிருத்தல் ஆகியவையே என் கடமைகள். பாரிசவாதம் என்று நாங்கள் சொல்லும் பக்கவாதம் வந்தவருக்குக் கைகால் மட்டுமன்றித் தொண்டையும் சோர்ந்துபோகலாம். அப்போது விழுங்கும் நீர் வழிதவறி நுரையீரலுள் இறங்கிக் காய்ச்சலை வருவிக்கும். ஆதலின் வந்தவுடனேயே தாதியர் அவர்களின் விழுங்கும் திறனைப் பரிசோதிப்பர். உணவு நேரத்தில் அருகிருப்பவர் நாங்களே ஆகையால், உதவியாளரும் அதைக் கற்க வேண்டுமென ஒருமுறை எங்களையும் பயிற்சிக்கு அழைத்தனர்.

பயிற்றுவித்தவர் என் வயதிற் பாதியே உடைய பேச்சுச் சிகிச்சையாளர். நோயாளியை நிமிர்த்தி அமர்த்துக. முதலில் கரண்டியால் நீர், பின்னர் தம்ளரால். இருமுகிறாரா, நீர் தேங்கியதுபோல் குரலில் ஈரம் தட்டுகிறதா எனக் கவனிக்க. ஒன்று பிழையானாலும், சிகிச்சையாளர் வந்து பார்க்கும்வரை வாயால் எதுவும் கொடுக்கலாகாது.

பின்னர் இருவர் இருவராகப் பழகச் சொன்னார். நான் நோயாளி, சமோவா நாட்டுச் சக ஊழியர் பரிசோதகர். அவர் நீட்டிய தம்ளரை உயர்த்தி, அண்ணாந்து, நீரை வாயினுள் ஊற்றினேன்.

"ஏன், தம்ளர் அழுக்கா?" என்றார் அவர். அறை முழுவதும் சிரித்தது.

சிகிச்சையாளர் சிரிக்கவில்லை. "மறுபடி குடியுங்கள்" என்று கூறி, என் தொண்டையை உற்றுநோக்கினார். "தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாயைக் காப்பது கடினம். உங்கள் தொண்டை பலமானது, தப்பிவிட்டீர்கள். பாரிசவாதம் வந்தவர் இப்படிக் குடித்தால்?"

பயிற்சி முடிவில் அவர் சொன்னதை நான் சட்டைப்பைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்: தீர்மானிப்பது உங்கள் வேலையன்று, கண்டதைச் சொல்வதே உங்கள் வேலை.

அதற்குப் பிந்திய வாரம், பக்குரங்காவில் மகள் வீட்டில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். காலைப் பரிசோதனையில் இருமிவிட்டார். வாயால் எதுவும் கொடுக்கலாகாது என்ற அட்டை தலைமாட்டில் தொங்கியது. மருந்துக்கும் உணவுக்குமாகப் பிற்பகலில் மூக்கு வழியே குழாய் செலுத்துவதென முடிவாயிற்று. குழாய்ப் பொதி கட்டிலருகே வந்துவிட்டது.

அவர் நாக்குச் சற்றுக் குழறியதே அன்றிப் பேச்சு அடங்கவில்லை. "மூக்காலை சாப்பாடோ? என்னை யானையெண்டு நினைச்சிட்டினமோ?"

மனைவியார் அருகிருந்து கண்களைத் துடைத்தார். "தம்பி, ஒரு மிடறு தண்ணிதான் குடுத்தவை. புரைக்கேறிப்போச்சு."

அந்நாட்டில் என்னைத் தம்பி என்று அழைக்க வேறொருவரும் இருக்கவில்லை. "எப்பிடிக் குடிச்சவர் அக்கா?"

"எப்பிடியெண்டால்? அண்ணாந்துதான். மூக்குப்பேணியிலை குடிச்சுப் பழகின மனிசன் வாய் வைச்சோ குடிக்கும்?" என்று கைப்பையிலிருந்து அப்பாத்திரத்தையே எடுத்துக் காட்டினார். பக்கத்தில் மூக்கு வைத்த வெண்கலப் பேணி; உதடு படாமல் வாயினுள் நீர் வார்ப்பதற்கென்றே வார்க்கப்பட்டது.

தம்ளர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வாய் வைத்து ஒரு மிடறு குடிக்கச் செய்து பார்க்க மனம் உந்தியது உண்மை. எனினும் குறிப்பேட்டின் வாசகம் என்னைத் தடுத்தது. காலையில் அவரைப் பரிசோதித்த தாதியிடம் நேரே சென்று, அப்பரிசோதனையைப் பற்றிக் கேட்டேன். அவர் தமிழ்நாட்டுப் பெண்.

"நான் சரியாத்தான் டெஸ்ட் பண்ணேன் அங்கிள். ஸ்பூன்ல குடுத்தப்ப ஒண்ணுமில்ல. டம்ளர்லதான் இருமினாரு."

"ஓம் பிள்ளை, நான் பிழை சொல்லேல்லை. குடிக்கேக்கை அவரின்ரை தலை எங்கை இருந்தது?"

அவர் நினைவுகூர முயன்றார். முயலும்போதே அவர் கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. "அய்யோ, அண்ணாந்து குடிச்சாரு. எங்க வீட்டுலயும் அப்படித்தான் குடிப்போம். அதான் கண்ணுல படவே இல்ல." அடுத்த கணம் தொலைபேசி அவர் கையில் இருந்தது.

எனக்குப் பயிற்றுவித்த அதே சிகிச்சையாளர் வந்தார். கரண்டி நீர் தடையின்றி இறங்கியது. தம்ளர் நீட்டப்பட்டதும் பெரியவர் பழையபடி அதை உயர்த்தப் பார்த்தார். நான் கையைப் பற்றினேன்.

"ஐயா, வாய் வைச்சு, நாடியை நெஞ்சுப் பக்கம் பதிச்சுக் குடியுங்கோ."

"எச்சில் பண்ணவோ?"

"இது உங்களுக்கு மட்டும்தான். பிறகு எறிஞ்சு போடுவினம்."

"நல்ல தம்ளரை எறியிறதோ?"

என்ன சொல்கிறார் எனச் சிகிச்சையாளர் வினவ, மொழிபெயர்த்தேன். "அவருடைய மரியாதையை மெச்சினேன் என்று சொல்லுங்கள். தலையை மட்டும் தாழ்த்தச் சொல்லுங்கள்" என்றார்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். பின்னர், பாவம் ஒன்றைச் செய்பவர்போல, உதட்டைத் தம்ளரில் பதித்தார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. இன்னொரு மிடறு, அப்போதும் இல்லை. குரலைக் கேட்கவேண்டி, "சுகமாக இருக்கிறதா?" என்று சிகிச்சையாளர் வினவியதை நான் தமிழில் சொன்னேன்.

"ஓம்."

"இன்னும் நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள்."

"ஓ...ம்." ஈரத்தின் சுவடே இல்லாத, தெளிந்த குரல்.

"பக்கத்து பெட்காரர் யோகா கிளாஸ்னு நினைக்கப் போறாரு" என்று தாதி என் காதில் முணுமுணுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தம்ளர் முழுவதும் காலியாகும்வரை சிகிச்சையாளர் காத்திருந்தார். பின்பு, "குழாய் வேண்டாம்" என்றார். அப்பொதியைத் தாதியே எடுத்துச் சென்று அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று மதியம் பெரியவர் குழைந்த உணவைத் தம் கையாலேயே உண்டார். "யானைக்கு விடுதலை" என்று என்னிடம் அறிவித்தார்.

வீடு திரும்பும் நாளில் மனைவியார் மூக்குப்பேணியை என் கையில் வைத்தார். "வீட்டிலை இருந்தால் இந்த மனிசன் களவாய் இதிலை குடிக்கும். நீங்களே கொண்டுபோங்கோ."

நான் அதைச் சிகிச்சையாளரிடம் ஒப்படைத்தேன். அவர் பரிசோதனைத் தாளில் ஒரு வரியைச் சேர்ப்பித்தார்: நோயாளி வீட்டில் எவ்வாறு நீர் அருந்துவார் எனக் கேட்கவும். அடுத்த பயிற்சியில் என்னை முன்னே அழைத்து, பேணியில் நீர் நிரப்பிக் கொடுத்தார். அண்ணாந்து ஊற்றிக் குடித்தேன். சிலர் இம்முறையும் சிரித்தனர்; ஆயினும் எல்லோருடைய பேனாக்களும் தாளில் ஓடின. கரண்டிகளுக்கும் கடதாசித் தம்ளர்களுக்கும் நடுவே அப்பேணி இன்றும் பயிற்சிப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னரும் அதைப் புளி போட்டு விளக்குபவன் நானே.