உள்ளறை

மகள் செண்பகவல்லியின் தலைப்பிரசவம் தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது பூதலிங்கத்தின் ஆசை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லார் வீட்டிலும் வழக்கம்தான், அதைப் போய் ஆசை என்று யாரும் சொல்வதில்லை. திருவனந்தபுரம் மணக்காட்டுச் சந்தில் இருந்த அவர் வீட்டின் கூரை யோக்கியமாக இருந்திருந்தால் அவருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது.

அது அவர் மனைவி பேச்சியின் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு. முன்னறை, உள்ளறை, பின்னால் ஒரு சமையல் சாய்ப்பு. பேச்சி பிறந்தது அந்த உள்ளறையில், செண்பகம் பிறந்ததும் அங்கேதான். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் முன்னறையும் சாய்ப்பும் ஒழுகும். உள்ளறை மட்டும் ஒரு சொட்டு விட்டதில்லை.

ஒழுகுவது ஒரு குறையாகவே தெரியாத காலமும் இருந்தது. பூதலிங்கம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் சரக்கு நிறுப்பவர். மழை மாதத்தில் கருப்பட்டி கசியும். கசிந்ததை விற்க முடியாது என்று முதலாளி கடையாட்களுக்குக் கொடுத்துவிடுவார். பிசுபிசுத்த ஓலைப் பொட்டலத்தோடு அவர் நனைந்து வந்து நின்றால், குட்டிச் செண்பகம் கருப்பட்டியை விட்டுவிட்டு ஓலையைத்தான் முதலில் பிடுங்கி நக்குவாள். சாய்ப்புக்குள் தண்ணீர் வந்ததும் பேச்சி அடுப்பை முன்னறைக்குத் தூக்கி வருவாள். சுட்ட பப்படமும் பயறும் கஞ்சியுமாக மூன்று பேரும் ஒரே பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கும் இதே கூரைதானே? அது எந்த வருஷத்திலிருந்து வெட்கப்பட வேண்டிய பொருளாயிற்று என்று பூதலிங்கம் தராசின் முன் நின்றுகொண்டு யோசித்துப் பார்ப்பார். செண்பகத்தை நாகர்கோவில் கோட்டாற்றில் கட்டிக்கொடுத்த பிறகு என்று தோன்றும். சம்பந்தி வீடு கான்கிரீட் வார்ப்பு வீடு.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். செண்பகத்துக்கு ஏழு மாதம். ஆடி பிறக்குமுன் வளையல் போட்டு அழைத்து வந்துவிட வேண்டும். ஓடு மாற்றுகிற ஐயப்பனைப் பங்குனியிலிருந்தே பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கல்ஃப் பணம் வந்து திருவனந்தபுரமே ஓட்டைப் பிரித்து வார்ப்புப் போட்டுக்கொண்டிருந்த காலம். ஐயப்பனுக்குக் கான்கிரீட் வேலை ஒழியவில்லை. கேட்கும்போதெல்லாம் நாளைக் காலையில் நிச்சயம் என்பான்.

“அண்ணாச்சி, நாளெ ராவிலெ வரும். ஒறப்பு.”

“இதத்தாண்டே விஷுவுக்கும் சொன்ன.”

“அது அன்னத்தெ நாளெ. இது வேற நாளெ அல்லே!”

இப்படிச் சொல்கிறவனிடம் எப்படிக் கோபப்படுவது?

வள்ளக்கடவுப் பக்கம் இடித்த ஒரு பெரிய வீட்டிலிருந்து பூதலிங்கம் பழைய ஓடு வாங்கிப் போட்டார். உடைசல் இல்லாத, பாசி பிடிக்காத சிவப்பு ஓடுகள். மழை இரண்டு நாள் விட்ட சமயம் ஐயப்பன் ஒருவழியாக வந்து ஏறினான். அப்போதுதான் பூதலிங்கத்துக்கு அந்த யோசனை வந்தது. நல்ல ஓட்டை உள்ளறைக்குப் போடு, அங்கே இருக்கிறதை எடுத்து முன்னறைக்குப் போடு என்றார்.

“ஒழுகாத எடத்த எதுக்குத் தொடணும்?” என்று பேச்சி கேட்டாள்.

“பேரப்பிள்ள மல்லாந்து படுத்தா மொதல்ல பாக்கது கூரையத்தான். கரும்பாசியையா பாக்கும்?”

பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பொறந்ததும் ஓட்டுல குத்தம் கண்டுபிடிக்கப் போகுதாக்கும்” என்றாள். அதற்கு மேல் தடுக்கவில்லை.

இந்த ஓடு வேறு கம்பெனி ஓடு. இதன் விளிம்பு ஒன்றோடொன்று கவ்வினாலும் வீட்டுக் கூரைச் சட்டங்களின் இடைவெளிக்கு ஒரு விரல்கடை குறைந்தது. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. ஐயப்பனுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு மத்தியானம் வேறொரு இடத்தில் வார்ப்பு இருந்தது.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மாள் மாடம்மாள் வந்தாள். கண்ணாஸ்பத்திரிக்கு வந்தவள், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள். அவள் வாசலில் குடையை மடக்கும்போதே மழை வலுத்துவிட்டது. முன்னறையில் ஓடு மாற்றியும் வழக்கம்போல் சொட்டியது. பேச்சி பரபரப்போடு, “உள்ள வாங்க மைனி, செண்பகத்துக்கு ஒழிச்சு வச்சிருக்கது இதுதான்” என்று உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

கட்டில் நனைந்து கிடந்தது. ஒரே இடத்தில் சொட்டியிருந்தால் பாத்திரம் வைக்கலாம். கூரை முழுக்க வரிவரியாகக் கசிந்து, சுவரோடு இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சி துணி எடுக்க ஓடினாள். பூதலிங்கம் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றார். அவர் நெற்றியிலும் ஒரு சொட்டு விழுந்தது.

மாடம்மாள் முகம் சுளிக்கவில்லை. குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

“மழைன்னா ஒழுகத்தான் செய்யும். இதுக்குப் போயி வெசனப்படாதீங்க” என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “செண்பகம் அங்கயே இருந்துக்கிடட்டும் அண்ணாச்சி. பச்ச ஒடம்பு பாருங்க. மைனி அங்க வந்து கூட நின்னாப் போரும். ஊரு கேட்டா நாஞ் சொல்லிக்கிடுகேன்.”

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரை குடை பிடித்து அவளைக் கொண்டுபோய் விட்டார் பூதலிங்கம். போகும்போது பேச்சி வாசல்வரை வந்து தாழ்ந்த குரலில், “கூரைய ஒரு வாரத்துல சரியாக்கிருவோம், நாங்களே கூட்டிட்டு வாறோம்னு சொல்லிருங்க” என்றிருந்தாள். பழவங்காடி தாண்டும்போது சொல்ல நினைத்தார். பஸ் ஸ்டாண்டில் சொல்ல நினைத்தார். ஆனால் ஒரு வாரத்தில் சரியாகுமா? அவருக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை வயிற்றுப்பிள்ளைக்காரியின் பேரில் எப்படிச் சொல்வது? நாகர்கோவில் பஸ் கிளம்பும்போது மாடம்மாள் தலையை வெளியே நீட்டி, “ஆடிக்கு முன்ன மைனிய அனுப்பிருங்க” என்றாள்.

“ஆகட்டும்” என்றார்.

வீடு திரும்பியபோது பேச்சி உள்ளறையில் மெத்தையைப் பிழிந்துகொண்டிருந்தாள். “சொன்னீங்களா?” என்று நிமிராமலே கேட்டாள்.

“ஜன்னலோரம் எடம் கெடச்சுது அவங்களுக்கு” என்றார் பூதலிங்கம்.