கையெழுத்துப் போட்டுவிட்டு மலை ஏறினேன்

திருத்தணிக்குப் போனது சாமி கும்பிட அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் அதை மட்டும்தான் உருப்படியாகச் செய்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை நாள். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். நான் சென்னைக்கு வந்து வருடக்கணக்காகியும் ஓட்டு அங்கேதான். என் தங்கை செல்வி அங்கே விசைத்தறி ஓட்டுகிறாள். அவள் தெருவின் குடிநீர்க் கிணற்றை ஒட்டி ஊர்க் குப்பைக் கிடங்கு கட்டத் தீர்மானம் வருகிறது என்று போனில் சொன்னாள்.

"இடத்த மாத்தற வரைக்கும் எங்க தெருவுல யாரும் நோட்டுல கையெழுத்து போடறதில்லன்னு பேசி வச்சிருக்கோம்ணா. நூறு பேர் சேரலன்னா கூட்டம் செல்லாது. நீ வந்து எழுந்து பேசு, போதும்."

சென்ட்ரலில் ஆறேகாலுக்கு மின்சார ரயில், டிக்கெட் இருபது ரூபாய். அரக்கோணம் வரை நின்றுகொண்டே போனேன். திருத்தணியில் எட்டரைக்கு இறங்கி டவுன் பஸ் பிடித்து, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். பஸ் நிற்கிற இடத்திலேயே ஊராட்சி அலுவலகம். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் நோட்டை நீட்டினார்.

"வாங்கண்ணா, மெட்ராஸ்லேந்து வந்துகினு இருக்கீங்களா? கூட்டம் பதினொன்னுக்குத்தான். ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

போட்டேன். இத்தனை வருட ஆபீஸ் பழக்கம், நோட்டைப் பார்த்தால் கை தானாகப் போய்விடும். வருகைப் பதிவுதானே என்று நினைத்தேன். செல்வி சொன்னது காதில் விழுந்திருந்தது, மண்டையில் ஏறவில்லை. சே!

வந்த பஸ்ஸே திரும்பத் தயாராக நின்றது. இன்னும் நேரம் இருக்கிறதே, மலைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாமே என்று ஏறிக்கொண்டு செல்விக்குப் போன் செய்தேன்.

"ஆங், சீக்கிரம் வாண்ணா. நீதான் பேசணும்" என்றாள்.

படிகளை ஏறி முடிக்க இருபத்தைந்து நிமிடம். விடுமுறைக் கூட்டம், பொது வரிசை நகரவே இல்லை. நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கியும் சன்னதிக்கு முன்னால் நின்றபோது பதினொன்று நாற்பது. செல்வி தெருக் கிணறு தப்பிக்க வேண்டும் முருகா என்று மனசார வேண்டினேன். இறங்கியதும் இருநூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஊர் சேர்ந்தபோது பன்னிரண்டரை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வியின் கணவர் மட்டும் வாசலில் நின்றிருந்தார்.

"பதினொன்னு நாப்பதுக்கே முடிஞ்சிடுச்சு பாவா" என்றார்.

"நூறு பேர் சேரலையே?"

"சேந்துடுச்சு. நீங்க போட்டத காட்டி, 'மெட்ராஸ்காரரே போட்டுட்டாரு, உங்களுக்கு என்ன'ன்னு வூடு வூடா நோட்ட எடுத்துகினு வந்தாங்க. நீங்க பேசி முடிச்சிட்டீங்க போலன்னு நெனச்சி எங்க தெரு பொம்பளைங்க ஆறு பேர் போட்டுட்டாங்க."

நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பெயர் தொண்ணூற்றெட்டாவது; மற்ற தெருக்காரர்களிடம் முந்தின நாளே வாங்கி முடித்திருந்தார்கள். கீழே அந்த ஆறு பேர், மொத்தம் நூற்று நான்கு. தீர்மானத்தின் அடியில் 'ஏகமனதாக' என்று எழுதியிருந்தது. எழுந்து பேச வேண்டியவன் சாமிக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தரிசனம் மட்டும் என்றால் ஏழு மணிக்குள் மலையில் இருங்கள், தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். விடுமுறை நாளில் இறங்கியபின் பஸ்ஸை நம்பாதீர்கள். உங்கள் ஓட்டு ஏதாவது ஊரில் இருந்து, கிராம சபைக்கும் போகிறீர்கள் என்றால், தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் பேனாவைத் திறங்கள். முருகன் சாயங்காலமும் அங்கேதான் இருப்பார்.

செல்வி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள். கிளம்பும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தாள்.

"இப்பவே குடிச்சிக்கோண்ணா. அடுத்த தடவ நீ வரும்போது குடிக்கறாப்பல இருக்குமோ என்னவோ."

திரும்பும் ரயில் மணவூர் தாண்டியும் மூடியைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.