கொடையாளியை விசாரிக்கப் போய்

நான் கண்டியில் ஒரு கந்தோரில் கோப்பெழுதும் கிளாக்கர். காய்ச்சல் பரவியபோது பக்கத்து ஊரான அலவத்துகொடையில் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்ற நிதி சேர்த்தோம். ஒருவரிடம் கேட்குமுன் அவருடைய வசதியை வெளியே விசாரித்துவிட்டுப் போவதுதான் கெட்டித்தனம் என்று நம்பியிருந்தேன்.

புடவைக்கடை காசிம் முதலாளியைப் பற்றி அவர் தெருவிலேயே நாலு கடைகளில் கேட்டேன். “முதலாளிக்கு வியாபாரம் எப்படிங்க? கையில காசு ஓடுதா?” காரணத்தை மட்டும் சொல்லவில்லை. வியாபாரம் படுத்து, கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது.

மறுநாள் அவர் கடை வாசலில் கூட்டம். சரக்குக் கொடுத்தவர்களும் வட்டிக்குக் கொடுத்தவர்களும் பணத்தைக் கேட்டு நின்றார்கள்.

“கந்தோர் ஆளு வந்து விசாரிச்சாராம். கடை முறியப் போகுது,” என்றார் ஒருவர்.

ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று பதறினேன். கூட்டத்தை விலக்கி உள்ளே போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“முதலாளி, நான்தான் விசாரிச்சேன். அலவத்துகொட கஞ்சிக்கு உங்ககிட்ட நன்கொடை கேட்கத்தான்.”

“அவ்வளவுதானா?” என்று யாரோ முணுமுணுத்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

முதலாளி கதிரையில் சாய்ந்து முகத்தைத் துடைத்தார். “என்னட்டயே கேட்டிருக்கலாமே தம்பி. எங்கட உம்மாட ஊரு அலவத்துகொட தானே.”

நாலு கடைகளிலும் நான் கேட்காத விஷயம் அதுதான்.

இப்போதெல்லாம் நன்கொடைக்கு நேரே அவரவர் வாசலுக்கே போய், வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தத் தெருவில் யாரையாவது நான் நலம் விசாரித்தால், பக்கத்துக் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிறார்.