எண்ணித் தேறிய காது

அவனை டபுள் பெடல் என்றுதான் கூப்பிடுவோம். வேலை நாளில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் பெடலை மிதிப்பான். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸின் பெடலை. பத்தொன்பது வருஷம் இரண்டையும் மிதித்தவன்.

டிசம்பர்தோறும் நான்கு பக்கத்தில் ஒரு பட்டியல் ஜெராக்ஸ் போட்டுத் தபாலில் அனுப்புவான். அந்த வருஷம் வந்த ஹெவி மெட்டல் ஆல்பங்கள், கலைந்த குழுக்கள், நடந்த கச்சேரிகள், செத்தவர்கள். ஆல்பத்துக்கு இரண்டு வரி. காதால் கேட்காத ஆல்பத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. முந்நூறு பேர் அதை நம்பினார்கள். எங்கள் தொழிற்சங்கத் துண்டறிக்கையை அத்தனை பேர் படித்ததில்லை.

கடைசி வருஷம் ஜனவரியில் மூன்று ஆல்பம். மார்ச்சில் பாடகன் விலகி ஒரு பழைய குழு கலைந்தது. ஜூனில் திறந்தவெளிக் கச்சேரி ஒன்று மழையில் பாதியோடு நின்றது. எல்லாவற்றையும் குறித்தான். தன் காது போய்க்கொண்டிருந்ததை மட்டும் குறிக்கவில்லை. அதை அவன் மனைவிதான் என்னிடம் சொன்னாள்.

“கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிடுச்சுண்ணே. உள்ள உக்காந்து பாட்டு கேக்குறாராம்.”

பிரஸ் மெஷின்களுக்குச் சத்தத் தடுப்புக் கூண்டு கேட்டு நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டது: ஆறு பேருக்குக் காதுச் சோதனை, நான்கு பேர் தேறாவிட்டால் கூண்டு. மூன்று பேர் தேறவில்லை. நான்காவது ஆள் இவன்தான் என்று நிம்மதியாக இருந்தேன்.

முழுசாகத் தேறிவிட்டான்.

ஃபேக்டரி கேட்டில் மடக்கி, அவன் காதோரம் கத்தினேன்: “என்னய்யா பண்ணித் தொலைச்ச?”

“பாஸ் பண்ணிட்டேன் தலைவரே.”

“பொண்டாட்டி கதவ உடைச்சாலும் கேக்காது, டெஸ்ட் மெஷினோட கொசு சத்தம் கேட்டுச்சாக்கும்?”

“மொதல் நாலு சத்தம்தான் கேட்டுச்சு. டெஸ்ட் எடுக்குற ஆளு சோம்பேறி, ஒரே தாளத்துல பட்டனத் தட்டுறாரு. எட்டு எண்ணினா ஒண்ணு. அப்புறம் எண்ணி எண்ணிக் கையத் தூக்கினேன்.”

“ஏன்டா?”

“செவிட்டுப் பய பட்டியல் போடுறான்னு நாலு பேர் சிரிக்கணுமா?”

அந்த மூன்று பேர் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று கேட்டேன். அவன் கேட்டைத் தாண்டி நடந்துவிட்டான். கேட்டதோ என்னவோ.

டிசம்பரில் பட்டியலைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவந்தான். செப்டம்பர் வரை வழக்கம்போல் இரண்டிரண்டு வரி. அக்டோபரிலிருந்து ஆல்பத்தின் பெயரும் தேதியும் மட்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தான்: ‘இவை வந்தன. ஸ்பீக்கர்மேல் கை வைத்துப் பார்த்தேன். என் காதில் ஒன்றும் விழவில்லை.’

“இத மேனேஜர்கிட்ட குடுங்க தலைவரே. நாலாவது ஆள் நான்தான்.”

கொடுத்தேன். மேனேஜர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

“பாட்டுப் பட்டியலா? இவர்தான் டெஸ்ட்ல நல்லாத் தேறியிருக்காரே.”

தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் திருப்பிக் கொடுத்தேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூண்டில்லாத மெஷினுக்குப் போய் பெடலில் காலை வைத்தான்.