குப்பைமேட்டில் வைத்த பிள்ளை

கோப்னட் ஊருக்கெல்லாம் துணி துவைப்பவள். கிளேர் மாவட்டப் பக்கத்தில் யார் வீட்டுப் படுக்கையில் என்ன கறை என்று அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடினால் கதவோரம் நின்றுகொள்வாள். அவளுக்கு எதிலும் அருவருப்பில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். தங்கை ஆனர் வீட்டில் அன்று நடந்ததைப் பார்க்கும்வரை அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஆனரின் சின்ன மகன், தேடி என்று பெயர், நெடுநாளாக வயிற்றுப்போக்கில் கிடந்தான். கால்கள் குச்சியாகிவிட்டன. வைத்தியக்காரி குரோட்டி வந்து அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இது உன் பிள்ளை இல்லடி. நல்லவங்க உன் பிள்ளைய அவங்க மண்மேட்டுக்குள்ள தூக்கிட்டுப் போயி, ஒரு கிழட்டுச் சனியன இங்க போட்டுட்டாங்க." மண்மேட்டுக்குள் வாழும் மாயக்காரர்களைப் பயத்தில் 'நல்லவங்க' என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

வேலியோரத்து ஊதா மணிப்பூச் செடியின் இலையைப் புகையிலைப் பல்லால் மென்று, பச்சை எச்சிலை அப்படியே பையன் வாயில் துப்பினாள். கம்பளி வெளுக்கச் சேர்த்து வைத்திருந்த பழைய மூத்திரத்தைத் தலையில் ஊற்றினாள். பையன் வாந்தியெடுத்தான்.

"பாரு, கிழவன் கக்குறான்!" என்று அவன் அப்பன் டார்பி சிரித்தான். "போடா, உன் ஆளுங்ககிட்ட போய் அழு!"

பொழுது சாய, பையனை எருக்குப்பை மேல் கிடத்திக் கதவைச் சாத்தினார்கள். விடியும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உண்மைப் பிள்ளை திரும்பாது என்றாள் குரோட்டி.

"ஆனர், உன்னத்தான் கூப்பிடுறான்டி" என்றாள் கோப்னட்.

"அது கூப்பிடுதுக்கா. அவன் இல்ல."

கோப்னட் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. தன் குடிசைக்குத் தூக்கிப்போய் வெந்நீரில் கழுவினாள். துளித்துளியாகப் பால் கொடுத்தாள். அவள் மடியிலேயே கக்கினான். அது அவளுக்கு அருவருப்பாக இல்லை. மறுபடி கொடுத்தாள், இம்முறை தங்கியது.

விடிவதற்குள் வெளுத்த சட்டை போட்டு, ஆனர் வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"என் தேடி! திருப்பிக் குடுத்துட்டாங்க!" ஆனர் அவனை வாரி அணைத்தாள். "முகத்தப் பாரு, எவ்வளவு தெளிவு!"

குரோட்டிக்கு ஒரு வாத்தும் வெண்ணெய்க் கட்டியும் கிடைத்தன.

கோப்னட் வாயைத் திறந்தாள். நேற்று நீங்கள் எறிந்ததும் இவன்தான் என்று சொன்னால், மறுபடி குப்பைமேடுதான். வாயை மூடிக்கொண்டாள்.

"நீ ஏண்டி பேயறைஞ்சவ மாதிரி நிக்கிற?" என்று இலைச்சாறு படிந்த அந்தப் பச்சைக் கையாலேயே குரோட்டி அவள் கன்னத்தைத் தட்டினாள்.

ஊரில் எல்லார் துணியையும் கடைசிவரை கோப்னட் துவைத்தாள், குரோட்டியின் துணியைத் தவிர. ஏனென்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"நாத்தம் போகாது."