நான் அழித்த கறை

உள்ளங்கை அகலம்தான் அந்தப் பென்சில் படம். ஐந்து சிப்பாய்கள் நமக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கியை நீட்டிக் குறிபார்த்து நிற்கிறார்கள். ஓரமாக ஒரு அதிகாரி வாளைத் தூக்கியிருக்கிறார். எதிரே வெறும் தாள். மரமில்லை, சுவரில்லை, தரைக்கு ஒரு கோடுகூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்தது. புதுச்சேரியில் ஒரு காப்பகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடுவது என் வேலை. அந்தப் படத்துக்கு ‘துப்பாக்கிப் பயிற்சி’ என்று விவர அட்டை எழுதியதும் நான்தான்.

அதற்கு முன்னால் அதைச் சுத்தம் செய்தேன். சிப்பாய்களுக்கு எதிரே, இரண்டு விரற்கடை தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருந்தது. பழைய தாளென்றால் கைபட்ட அழுக்கு இருக்கத்தான் செய்யும். ரப்பர் தூளைத் தூவி, விரலால் மெல்ல உருட்டி எடுப்போம். பழகிய கை வேலையைப் பார்த்தது, கண் பார்க்கவில்லை. தாள் பளிச்சென்று ஆனதில் எனக்குப் பெருமை வேறு.

என் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்போம். அல்ஜீரியாவில் சண்டை போட்டவர் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்டால் அங்கத்திய குளிரைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் பென்ஷன் விஷயமாகப் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு வந்தவர், அப்படியே என்னையும் பார்க்க வந்தார். படத்தைக் காட்டினேன்.

“பயிற்சியா? வாள தூக்கிக்கினு எவன்மா பயிற்சி குடுப்பான்? எதிர்ல ஒருத்தன் இருக்கணுமே.”

கறையைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அதாம்மா ஆளு. தலய குனிஞ்சி நின்னா அவ்ளோதான் தெரிவான். நானும் அஞ்சி பேர்ல ஒருத்தனா நின்னிருக்கேன். அவன் பேரு இன்னான்னுகூட எங்களுக்குச் சொல்லல.”

எனக்கு அவர் கையைத் தொடப் பயமாக இருந்தது. இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

போகும்போது, “இதுலயாவது ஒரு ஆளு இருந்தான்னு எழுதிடும்மா” என்றார். சரியென்றேன். எழுதவில்லை. எழுதினால் அழித்தது யார் என்ற கேள்வி வரும்; வேலை போய்விடுமோ என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை வாய்கிழியத் திட்டுகிறவள் நான். அதன்பின் பார்த்தபோதெல்லாம் “எழுதிட்டியாம்மா?” என்று கேட்டார். “எழுதியாச்சு மாமா” என்றேன். அதை நம்பித்தான் கண்ணை மூடினார்.

போன மாதம் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்தார்கள். ‘ஒரு மனிதரைச் சுட்டுக் கொல்லும் காட்சி’ என்று அட்டையைத் திருத்தி, காப்பக இயக்குநரிடம் நீட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எதிர்ல யாருமே இல்லியே மேடம். ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?”

“இருந்துச்சு சார். நான்தான் அழிச்சிட்டேன்.”

வேலை போகவில்லை. அவர் திட்டக்கூட இல்லை. ஆதாரமில்லாமல் எழுத முடியாது என்றார், அவ்வளவுதான். படம் இப்போது சுவரில் தொங்குகிறது, கீழே என் கையெழுத்தில் அந்தப் பழைய அட்டையோடு.